நீயே ஒண்ணு போட்டுக்க டீச்சரம்மா

1991 பிப்ரவரி. ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமம். மேற்குத் தெருக் கடைசி வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் அட்டை, அட்டை மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம். நான் தண்ணீர் பாட்டிலும் பையுமாகப் பக்கத்தில். எதிரே ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்.

"வயசு என்னங்க ஆத்தா?"

"வயசு என்னாத்தக் கண்டேன். நீயே ஒண்ணு போட்டுக்க டீச்சரம்மா."

அம்மா உடனே எதையும் போட்டுவிடவில்லை. "கல்யாணம் ஆனப்ப மேட்டூர் டேம் கட்டியாச்சா?" என்று கேட்டார். பாட்டி இடிப்பதை நிறுத்தினார். "கட்டிக்கிட்டிருந்தாங்க. நானும் எங்க ஊட்டுக்காரரும் அங்கதான கல்லு சொமந்தோம். பெரியவன் அப்பக் கைக்கொளந்த." அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அதில் எந்த வருஷம் கல் சுமந்தார், கல்யாணத்தின்போது வயது பதினைந்தா பதினேழா என்றெல்லாம் அம்மா விரல் விட்டுப் பார்த்தார். 73 வரலாம், 78ம் வரலாம். கடைசியில் 75 என்று எழுதினார்.

அம்மா ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியை. 1981, 1991, 2001 மூன்று கணக்கெடுப்புகளுக்கும் போனவர். 1991இல் எனக்குப் பத்து வயது. பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவது என் வேலை. இந்தியாவின் மக்கள்தொகை என்று யார் எந்தப் புள்ளிவிவரத்தைச் சொன்னாலும் எனக்கு முதலில் அந்த வெற்றிலை உரல் சத்தம்தான் கேட்கும்.

வயது கண்டுபிடிக்க அம்மாவிடம் ஒரு தனிப் பஞ்சாங்கமே இருந்தது. பெரியவர்களுக்கு மேட்டூர் டேம், காந்தி செத்த வருஷம். நடுத்தர வயதுக்காரர்களுக்கு அண்ணா செத்தது, அதாவது 1969. குழந்தைகளுக்கு எம்.ஜி.ஆர். "எம்.ஜி.ஆர் செத்தப்ப இவன் நடந்தானா, தவழ்ந்தானா?" தவழ்ந்தான் என்றால் மூன்று வயது பூர்த்தி. நடந்தான் என்றால் நான்கு. எழவு வீட்டை வைத்து வயதைக் கணக்கிடுவது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. வளர்ந்தபின் பார்த்தால் நானும் அப்படித்தான் கணக்கிடுகிறேன். "அப்பா போனதுக்கு அடுத்த வருஷம்", "கொரோனாவுக்கு முந்தின தீபாவளி".

வயதுதான் இந்தியக் கணக்கெடுப்பின் ஆட்டம் காணும் தூண். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்று வரைபடம் போட்டால் சீரான சரிவு வராது, சீப்பு மாதிரி பல் பல்லாக நிற்கும். 59இல் ஆள் குறைவு, 60இல் திடீர்க் கூட்டம், 61இல் மறுபடி காலி. சுழியிலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஜனங்கள் குவிந்துவிடுகிறார்கள். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்தக் குவியலை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு, மையர்ஸ் குறியீடு என்று வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் அந்த வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தபோது 75இல் நின்ற பல்லைத் தடவிப் பார்த்தேன். அதில் எங்கள் மேற்குத் தெருப் பாட்டியும் இருக்கிறார் இல்லையா.

இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பிள்ளை சேர்க்கும்போது பிறந்த தேதி போட்டதும் அம்மா மாதிரி ஆசிரியர்கள்தான். ஜூனில் சேர்க்கை, ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வீட்டில் தேதி தெரியாது. அதனால் எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் மே மாதம் பிறந்தவர்கள். உண்மையான ஜாதகம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பிறந்தநாள்.

எங்கள் சேலம் ஜில்லாவுக்கும் இந்தத் தலை எண்ணும் வேலைக்கும் ஒரு பழைய, கசப்பான உறவு உண்டு. சென்னை மாகாணத்தில் 1871இல் எண்ணினார்கள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் எண்ணும் வழக்கம் 1881இல் தொடங்கியது. அந்த இரண்டுக்கும் நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1871இல் அன்றைய சேலம் ஜில்லாவில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் சேர்ந்த பெரிய ஜில்லாவில், ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் காணோம். செத்தவர்கள் பெரும்பகுதி. ஊரை விட்டுப் போனவர்கள் மிச்சம். அந்தப் பாட்டியின் பாட்டி பஞ்சத்தில் தப்பியவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்க ஆள் ஏது?

நாட்டுக்கும் அப்படி ஒரு பத்தாண்டு உண்டு. 1911இல் இன்றைய இந்தியப் பரப்பில் 25 கோடியே 20 லட்சம் பேர். 1921இல் 25 கோடியே 13 லட்சம். 1918இன் விஷக்காய்ச்சல் பத்து வருஷப் பிறப்புகளைத் தின்றுவிட்டு மேலும் கொஞ்சம் தின்றிருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் இந்தியா இறங்கவில்லை. 1951இல் 36 கோடி, 2011இல் 121 கோடி. 2023இல் சீனாவைத் தாண்டிவிட்டோம் என்று ஐ.நா. சொன்னதும் தொலைக்காட்சியில் ஒருவர் பெருமைப்பட்டார், இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார். அது ஐ.நா. போட்ட மதிப்பீடு. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷமாக நாம் எண்ணவே இல்லை என்பதை இருவருமே சொல்லவில்லை.

மறுபடி 1991க்கு வருகிறேன். அந்தப் படிவத்தில் எனக்கு மறக்காத கேள்விகள் இரண்டு. முதலாவது, வேலை. எங்கள் பக்கம் தறி வீடுகள் அதிகம். ஆண் தறியில் உட்கார்ந்திருப்பார். மனைவி ராட்டையில் தார், அதாவது தறிக்கான நூல், சுற்றிக்கொண்டிருப்பார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று அம்மா கேட்டால், கை ராட்டையை விடாமலே "நானுங்களா? நான் சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வரும். தார் இல்லாமல் தறி ஓடாது. சும்மா இருப்பவர் சுற்றிய தாரில்தான் வேலை பார்ப்பவர் நெய்துகொண்டிருந்தார். இதை அரசாங்கமும் ஒருவழியாகக் கண்டுகொண்டிருந்தது. சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலி இல்லாமல் உழைப்பதும் வேலைதான் என்பதை அந்த ஆண்டு கேள்வியிலேயே சேர்த்திருந்தார்கள். அம்மா அதை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டார். "தார் சுத்துறீங்கல்ல, அது வேலை" என்று ஒவ்வொரு வீட்டிலும் விளக்குவார். சில கணவன்மார்களுக்கு அது பிடிக்கவில்லை. "அதையெல்லாம் எதுக்குங்க எழுதறீங்க" என்றார்கள். அம்மா எழுதினார். 2001 விதிகளில் வீட்டுச் செலவுக்கு மட்டும் மாடு வைத்துப் பால் கறப்பதுகூட வேலை என்று வந்தது. அப்புறமும் புள்ளிவிவரத்தில் பெண்களின் உழைப்பு குறைவாகவே வருகிறது என்றால், கேட்பவர் எல்லாரும் தார் சுற்றுவதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, பிள்ளைகள் பற்றியது. எத்தனை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது.

ஒரு வீட்டில் இளம் தாய். இரண்டு பையன்கள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "பொறந்தது மூணுங்க" என்றார். அம்மாவின் பேனா நின்றது. "இருக்கறது?" "ரெண்டு." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "ஒண்ணு தங்கலீங்க" என்றார் அந்தப் பெண். தங்கல. எங்கள் பக்கம் குழந்தை சாவுக்கு அதுதான் சொல். காய்ச்சலில் போனதற்கும் அதே சொல், மற்றதற்கும் அதே சொல். எப்படிப் போனது என்று கேட்கப் படிவத்தில் இடம் கிடையாது. அம்மா மூன்று என்றும் இரண்டு என்றும் எழுதிவிட்டு எழுந்தார். வழியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். வலிக்கிறது என்றேன். விடவில்லை.

பின்னாளில் முடிவுகள் வந்தன. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குச் சேலம் மாவட்டத்தில் 849 பெண்கள். தமிழ்நாட்டுச் சராசரி 948. இயற்கையாக விட்டால் 1,000 ஆணுக்கு 950 பெண் என்ற அளவில் பிறக்கும் என்பார்கள். அப்படியானால் ஒவ்வோர் ஆயிரம் பையனுக்கும் ஏறக்குறைய நூறு பெண் குழந்தைகள் எங்கள் மாவட்டத்தில் தங்கவில்லை. நாட்டிலேயே மிக மோசமான எண்களில் அது ஒன்று. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது அதனால்தான். என் தங்கைக்கு 1991இல் ஐந்து வயது. அந்த 849இல் அவளும் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டும் பெண், அதோடு அம்மா ஆபரேஷன் செய்துகொண்டார். "ஒரு பையனுக்குப் பாத்திருக்கலாம்ல டீச்சரம்மா" என்று கணக்கெடுக்கப் போன வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். "மொதல்ல உங்க வீட்டுக் கணக்கைச் சொல்லுங்க" என்பார் அம்மா.

2001இல் அதே எண் 851. பத்து வருஷப் பாடுக்கு இரண்டு புள்ளி. 2011இல்தான் 900ஐத் தாண்டியது. இதில் எவ்வளவு தொட்டிலால், எவ்வளவு கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லத் தடை போட்ட ஸ்கேன் சட்டத்தால், எவ்வளவு பெண்கள் படித்து வேலைக்குப் போனதால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எண்ணாமல் விட்டிருந்தால் இது இரண்டு தெருவுக்குள் கிசுகிசுவாகவே முடிந்திருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அந்த வருஷத்துக் கணக்கில் இன்னொரு விநோதம். பிப்ரவரி முழுக்க எழுதினாலும், கணக்கு மார்ச் 1 சூரிய உதயத்துக்கு. அந்த உதயத்தில் உயிரோடு இருந்தவர்தான் இந்திய ஜனத்தொகை. மார்ச் முதல் வாரம் அம்மா மறுபடி எல்லா வீட்டுக்கும் போய், இடையில் பிறந்ததையும் செத்ததையும் சரி செய்தார். பிப்ரவரி 27இல் இறந்த ஒரு தாத்தாவின் பெயரை ஒரே கோடாக அடித்தார். மார்ச் 2இல் இறந்த இன்னொருவரை அடிக்கவில்லை. எழவு வீட்டில் அழுகைக்கு நடுவே நேரம் கேட்க வேண்டியிருந்தது. ஆக 1991இன் 84 கோடிச் சொச்சத்தில் மார்ச் 2இல் போனவர் இன்றும் உண்டு. 2001இலிருந்து உதயத்தை எடுத்துவிட்டு நள்ளிரவு 12 மணி ஆக்கிவிட்டார்கள். உதயத்தில் நாள் பிறக்கிறது என்று வளர்ந்த எங்களுக்கு அதில் சின்ன வருத்தம்.

சரி, பிள்ளைப்பேறு குறைந்த கதைக்கு வருவோம். அதிலும் கணக்கெடுப்பின் கை உண்டு. 1951 கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்ற பொருளில் ஒரு சொல்லைத் தன் அறிக்கையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அப்புறம் அவரே சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை 1950களிலேயே முன்கூட்டித் தொடங்கிய மாநிலம் சென்னை. எண்ணியவரே குறைக்கவும் கிளம்பிவிட்டார். தாயைக் குற்றம் சொல்லும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தகப்பனுக்கு முன்யோசனை வேண்டாமா? ஆனாலும் சிவப்பு முக்கோணமும் ‘நாமிருவர் நமக்கிருவர்’ சுவரெழுத்தும் எட்டாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் பெண் பிள்ளைகள் பள்ளியில் தங்கியதும், கல்யாண வயது ஏறியதும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும். இரண்டு பிழைக்க நான்கு பெறும் கட்டாயம் போய்விட்டது.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை இருந்தால் ஜனத்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும் என்பது கணக்கு. தமிழ்நாடு அதை 1990களின் தொடக்கத்திலேயே தொட்டுவிட்டது. பிறப்பு இறப்பு பற்றிய அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் (SRS) நாம் 1.4. அதே கணக்கில் பீகார் 3.0. ஒரே நாடு என்கிறோம், ஆனால் ஒரு முனையில் பள்ளிக்கூடம் போதவில்லை, மறுமுனையில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போதவில்லை.

இங்கேதான் பழைய எண்கள் அரசியலாகின்றன. 1961 கணக்கெடுப்பின்படி தொகுதிகளைப் பிரித்தபோது நம் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆயின. குறைவாகப் பெற்றால் குறைவான குரல் என்றால் எந்த மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டில் இறங்கும்? அதனால் 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் மூலம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 மக்கள்தொகையோடு உறைய வைத்தார்கள். பிறகு 84ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அந்தக் கணக்கெடுப்புக்கு மார்ச் 1, 2027 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஒரு மனிதருக்கு ஒரு ஓட்டு என்பது நியாயம். சொன்னதைச் செய்தவன் தண்டனை வாங்கக் கூடாது என்பதும் நியாயம். இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் வந்துவிடுகிறது. அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "அதுக்காக எண்ணாமலே இருக்க முடியுமா?" என்றார்.

எண்ணாமல்தான் இருந்தோம். 1881இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது இது. 1941இல் உலகப் போருக்கு நடுவிலும் நடந்தது. 2020 ஏப்ரலில் வீடுகளைப் பட்டியலிடும் வேலை தொடங்க இருந்தபோது கொரோனா வந்தது, நின்றது. அது சரி. கொரோனா போன பிறகும் வருஷக்கணக்கில் தொடங்கவில்லையே, அதுதான் எனக்குப் புரியாதது. இடையில் நாடு 2011இன் எண்களை வைத்தே ஓடியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேருக்கு மலிவு தானியம் என்று கணக்கிட்டு, 81 கோடிச் சொச்சம் என்ற வரம்பை 2011 ஜனத்தொகையில் கட்டிவைத்தார்கள். அதற்குப் பிறகு கூடிய ஜனம் அந்த வகுத்தலில் இல்லை. எல்லாருக்கும் ரேஷன் உள்ள நம் மாநிலத்தில் இதன் சூடு நமக்குத் தெரியவில்லை.

வரப்போகும் கணக்கெடுப்பு கைபேசியில் நடக்கும். விரும்பினால் நாமே பதிவு செய்துகொள்ளலாம். 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் கேட்டு எழுதப் போகிறார்கள். அம்மாவுக்கு அதில் ஒரே கவலை. "ஒரே சாதிக்கு ஊருக்கு ஊர் ஒரு பேரு. போன்ல பட்டன்ல அதெல்லாம் இருக்குமா?"

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் சாயங்காலம் ஒரு நடை விடமாட்டார். மேற்குத் தெருவில் நடந்தோம். பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்துவிட்டார். "இங்க ஆறு பேரு இருந்தாங்க. இப்ப அவரு மட்டும். இது பூட்டுன வீடு, பையன் ஒசூர். இது ரெண்டு பேரு, ரெண்டும் எழுபதுக்கு மேல. இதுவும் பூட்டு." 2011இலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2036இல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார் என்கின்றன கணிப்புகள். எங்கள் மேற்குத் தெரு 2036ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றாம் வகுப்பில் மட்டும் 45 பிள்ளைகள், இப்போது பள்ளி முழுக்க 19. எல்லாப் பழியையும் பிறப்பு விகிதத்தின் மேல் போட முடியாது, காலையில் வரும் மஞ்சள் வேன்களுக்கும் பங்கு உண்டு.

தெருக் கடைசியில் பாட்டியின் வீடு. பாட்டி போய் முப்பது வருஷம் ஆகிறது. இப்போது அது வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை பார்க்கும் ஒடியாப் பையன்கள் எட்டுப் பேர். அதே திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்றார். அவர்களில் ஒருவனுக்கு நன்றாகத் தமிழ் வந்தது, மூன்று வருஷமாக இங்கே இருக்கிறானாம்.

"கணக்கெடுக்க வந்தா உன் பேரை இங்க எழுதணும்ப்பா. தெரியுமா?"

"தெரியாது அம்மா. ஊர்ல எழுதுவாங்க."

"கணக்கெடுக்கறப்ப எங்க தங்கியிருக்கியோ அங்கதான் எழுதணும். வயசு என்ன உனக்கு?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியைத் திறந்து ஆதார் அட்டையைக் காட்டினான். பிறந்த தேதி ஜனவரி 1. பக்கத்தில் இருந்தவனும் சிரித்துக்கொண்டே தன்னுடையதைக் காட்டினான். அதுவும் ஜனவரி 1, வேறு வருஷம்.

அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டையும் பார்த்தார். "அங்கயும் ஒரு டீச்சரம்மா இருந்திருக்கா" என்றார்.